மூன்றாவது படத்தில் ஒரு சிவப்புப் பொட்டு

இன்னும் நாற்பத்தொரு நிமிஷம். போனை உப்பு ஜாடியில் சாய்த்து வைத்திருக்கிறேன், குக்கர் ஆவி படாத தூரத்தில், அதில் நொடிகள் குறைந்துகொண்டே வருகின்றன, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தேழு, பார்த்துக்கொண்டே நின்றால் நகர மாட்டேன் என்கிறது, திரும்பி நாலு நெத்திலிக்குத் தலை கிள்ளிவிட்டுப் பார்த்தால் ஒரு நிமிஷத்தை முழுசாக விழுங்கிவிட்டு நிற்கிறது. ஏலம் ஒன்று முப்பத்திரண்டுக்கு முடியும். ஒன்றரை இல்லை, ஒன்று முப்பத்திரண்டு, எந்தப் புத்திசாலி குறித்த முகூர்த்தமோ, ஒரு பெட்டியை விற்பதற்கு. பெட்டி என்றால் ஆசிலாஸ்கோப். டிவிக்கும் ரேடியோவுக்கும் நடுவில் தப்பிப் பிறந்த மாதிரி ஒரு சாம்பல் நிறப் பெட்டி, இடது பக்கம் உள்ளங்கை அகலத்துக்குத் திரை, வலது பக்கம் வரிசையாகக் குமிழ்கள், வயரில் ஓடுகிற கரண்டைப் பச்சைக் கோடாக வரைந்து காட்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும், முப்பத்தொரு வருஷம் அந்த ஜாதிப் பெட்டிகளோடு குடித்தனம் நடத்தியவளுக்கு அவ்வளவுதான் தெரியும் என்றால் யார் நம்புவார்கள். பயன்படுத்தியது, இயங்கும் நிலையில் உள்ளது, சென்னை, என்று போட்டு ஆறு படங்கள் வைத்திருக்கிறான் விற்கிறவன். மூன்றாவது படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினால் வலது ஓரத்துக் குமிழுக்குக் கீழே, ஒரு குட்டித் திருகாணியின் தலையில், மிளகு அளவுக்கு ஒரு சிவப்புப் பொட்டு தெரியும். அது என் நகப்பாலிஷ். கோர்ட்டில் ஏற்றிக் கேட்டாலும் பைபிளில் கை வைத்துச் சொல்வேன், அது என் நகப்பாலிஷ், என் வீட்டுக்காரர் ஞானாதிக்கம் வைத்த பொட்டு, அது என் வீட்டில் இருந்த பெட்டி. நான்தான் அதை எடைக்குப் போட்டேன்.

கான்வென்டில் நகப்பாலிஷ் கிடையாது. திங்கட்கிழமை காலை ஜெபம் முடிந்ததும் சிஸ்டர் பெனடிக்டா வரிசையாக விரல்களைத் திருப்பிப் பார்ப்பார், சிவப்பு தெரிந்தால் கையில் பாதி பிளேடைக் கொடுத்துச் சுரண்டச் சொல்வார், அதனால் கல்யாணமாகிப் பாலக்கரை வீட்டுக்கு வந்த முதல் வாரமே நான் வாங்கிய முதல் பொருள் அந்தச் சின்ன பாட்டில்தான், ரத்தச் சிவப்பு, அலமாரியில் சேலைக்கு அடியில் ஒளித்து வைத்தேன், யாரிடமிருந்து ஒளித்தேனோ. பத்து நாளில் பாதி காணோம். பார்த்தால் மனிதர் மேஜையில் உட்கார்ந்துகொண்டு திருகாணிகளுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருக்கிறார். "அளவு சரியா வெச்சதும் மேல ஒரு சொட்டு விட்டா அப்படியே பிடிச்சிக்கும் ரெஜி. ஆடாது. லேப்ல எல்லாரும் இதைத்தான் பண்ணுவோம். பொட்டு ஒடஞ்சிருந்தா யாரோ கை வெச்சிருக்கான்னு அர்த்தம்." நான் விரலுக்கு வாங்கினேன் என்றேன். "உன் வெரல் எங்கயும் ஆடிப் போயிடாது" என்றார். அன்றைக்குக் கோபம் வரவில்லை, புதுசு. அப்புறம் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இரண்டு பாட்டில் வாங்கி வருவார், ஒன்று எனக்கு, ஒன்று அவருக்கு, கடைக்காரப் பெண் சிரிப்பாளாம். பாத்திரம் தேய்க்கிற கையில் பாலிஷ் இரண்டு நாள் தாங்காது, நான் விட்டுவிட்டேன், கடைசிப் பத்து வருஷம் என் பாட்டிலும் அவர் மேஜைக்கே போயிற்று, இந்த வீட்டில் என் விரல்களைவிட அவர் பெட்டிகள்தான் அலங்காரமாக இருந்தன. இப்போது பெரிதாக்கிப் பார்க்கிறேன், மறுபடியும், நூறாவது தடவை. பொட்டு உடையவில்லை. விளிம்பு முழுசாக இருக்கிறது. யாரும் கை வைக்கவில்லை என்று அர்த்தம். அர்த்தம்தானே?

முப்பத்துமூன்று. அவர் கணக்கில் இருந்துதான் ஏலம் கேட்கிறேன், அவர் போனில் இருந்து. சிம்முக்கு மாதாமாதம் ரீசார்ஜ் செய்கிறேன், எதற்கு என்று கேட்டால் பேங்க் ஓடிபி வரும் என்று சொல்லிவைத்திருக்கிறேன், பேங்க் கணக்கை மூடிப் பத்து மாதமாகிறது. அந்த ஏலக் கம்பெனிக்கு அவர் செத்தது தெரியாது. வாரம் இரண்டு தடவை எழுதும், அன்புள்ள ஞானாதிக்கம், உங்களுக்குப் பிடிக்கக்கூடியவை என்று, பழைய மீட்டர், பழைய சிக்னல் ஜெனரேட்டர், நான் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுவேன், கல்லறைக்குப் பூ கொண்டு போகிறவர்கள் போகட்டும், நான் இதைத்தான் செய்தேன். நேற்று காலை அவருடைய பெட்டியையே அவருக்குச் சிபாரிசு செய்திருந்தது. பார்த்தேன். பொட்டைப் பார்த்தேன். உடனே தொகையைப் போட்டு அழுத்திவிட்டேன். அதைத்தான் செய்யக் கூடாது. அவர் ஒரு நாளும் முன்கூட்டிக் கேட்க மாட்டார். எவ்வளவு என்று முதல் நாளே ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துவிட்டு, ஏலம் முடிகிற வரைக்கும் எட்டிக்கூடப் பார்க்காதவர் மாதிரி இருந்துவிட்டு, கடைசி எட்டு நொடியில், முழுத் தொகையாக இல்லாமல் வாலில் ஒரு பதினேழு ரூபாயை ஒட்டி, ஒரே ஒரு தடவை அழுத்துவார். "சீக்கிரம் கேட்டா தூங்கறவனை எழுப்பி விட்ட மாதிரி ரெஜி." பந்தியில் கடைசியாக உட்கார்ந்து முதல் அப்பளம் வாங்குகிற புத்தி என்று நான் சொல்வேன். எழுப்பித்தான் விட்டுவிட்டேன். நான் கேட்ட பத்தாவது நிமிஷம் ஒருவன் வந்தான், பெயரை மறைத்து வி, மூன்று நட்சத்திரம், நாலு என்று காட்டுகிறது, அவன் ஏற்றினான், நான் ஏற்றினேன், அவன் ஏற்றினான், மூன்றாவது தடவையும் கேட்டுவிட்டு நிறுத்தினேன், அவன் அதற்கு மேலும் ஒரு படி ஏற்றிவிட்டுச் சும்மா இருக்கிறான், அவன் தூங்கவில்லை, எனக்குத் தெரியும், எங்கேயோ ஓர் அறையில் ஒரு மேஜை முன்னால் உட்கார்ந்திருக்கிறான், உள்ளேயிருந்து ஒருத்தி சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருப்பாள். போய்ச் சாப்பிடேன்டா. போயேன்.

குக்கர் சும்மா இருக்கிறது. ஒரு ஆளுக்குக் கால் டம்ளர் அரிசி போட்டால் அதற்கும் விசிலடிக்க மனசு வருவதில்லை. என் போன் அடிக்கிறது, நைட்டிப் பையில், ஆல்வின், பெங்களூரில் இருந்து, ஆபீசில் சாப்பாட்டு இடைவேளையில் அம்மாவை விசாரித்துவிட்டால் அன்றைய கடமை முடிந்தது. "மம்மி, சாப்டாச்சா?" "இல்ல." "அந்த ஏலம் இன்னைக்குத்தானே? இன்னும் அதுலயேவா இருக்கே?" "அதுலதான்." "மம்மி, நான் ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதே. நீதானே அதை எடைக்குப் போட்டே?" "போட்டேன்." "நான் வேணாம்னு சொன்னேன்ல? கொஞ்ச நாள் கெடக்கட்டும்னு சொன்னேன்ல?" "சொன்னே. பெங்களூர்ல ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டுச் சொன்னே." அவன் சிரித்தான், அப்பாவைப் போலவே, மூக்கால். "சரி, உனக்கு அப்படித்தான் ஒரு ஸ்கோப்பு வேணும்னா நான் புதுசே வாங்கித் தர்றேன். இதைவிட நல்லது, கலர் டிஸ்ப்ளே." "எனக்கு எதுக்குடா புதுசு?" "அப்ப பழசு எதுக்கு?" பதில் இருந்தது. குக்கர் விசில் வருது வெக்கறேன் என்று வைத்துவிட்டேன். விசில் வரவில்லை. அவனிடம் எப்படிச் சொல்வது. முப்பதாம் நாள் பூசை முடிந்த மறு திங்கட்கிழமை தனபாலைக் கூப்பிட்டேன், பழைய சாமான் எடுக்கிறவன், தராசோடு வந்தான், அவர் அறை வாசலில் செருப்பைக் கழற்றினான், அதற்கே எனக்கு ஆத்திரம், என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது. எட்டுப் பெட்டி. ஒவ்வொன்றையும் தூக்கும்போது, "அம்மா, இது வேலை செய்யுதா?" "தெரியாது. தூக்கு." "அம்மா, இது பெரிய சாமான் மாதிரி இருக்கு, யாரையாச்சும் கேட்டுட்டு..." "தூக்குன்னா தூக்கு தனபால்." அந்தச் சாம்பல் பெட்டியைத்தான் முதலில் தூக்கச் சொன்னேன். அதன் மூஞ்சியில் விழிக்க எனக்குப் பிடிக்கவில்லை.

இருபத்துநாலு. புளியைக் கரைத்துவிட்டேனா? கரைத்திருக்கிறேன். அந்தப் பெட்டிக்குள் இருப்பது என்ன என்று ஆல்வினுக்குத் தெரியாது, தனபாலுக்குத் தெரியாது, அந்த வி நட்சத்திரம் நாலுக்குத் தெரியாது, எனக்கே மறந்துபோயிருந்தது, நாலு மாதம் கழித்து ஒரு நாள் தோசை சுடும்போது கரண்டி கையில் இருக்கத் தெறித்து வந்தது. அவர் போவதற்கு இரண்டு மாதம் முன்னால் நெஞ்சில் ஏதோ அடைக்கிற மாதிரி இருக்கிறது என்றார், ஆஸ்பத்திரிக்குப் போனோம், சின்ன டாக்டர், பையன் மாதிரி, இசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு வெறும் கேஸ் ட்ரபிள் என்றான், மாத்திரை கொடுத்தான். இவருக்குத் திருப்தியில்லை. வீட்டுக்கு வந்து மூன்று நாள் எதையோ ஈயத்தால் பற்ற வைத்து ஒரு டப்பாவுக்குள் அடைத்து, இரண்டு பழைய ஒரு ரூபாய்க் காசில் வயரை ஒட்டி, காசை உப்புத் தண்ணீரில் நனைத்து இரண்டு கையிலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பெட்டி முன்னால் உட்கார்ந்தார். "ரெஜி, இங்க வாயேன், என் நெஞ்சைப் பாரு." இருந்த வேலையில் நெஞ்சைப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. போனேன். பச்சையாக ஒரு கோடு துள்ளிக்கொண்டிருந்தது. "நாலு அடி ஒழுங்கா வெக்குது பாரு. அஞ்சாவது லேசா நொண்டுது. அவன் எடுத்த பேப்பர்ல இது விழல." நான் என்ன சொன்னேன்? நொண்டினா ஒரு குச்சி வாங்கிக் குடுங்க என்றேன். கையைக் கழுவிட்டு வாங்க, தோசை ஆறுது என்றேன். அவர் சிரித்தார், மூக்கால். சிரித்துக்கொண்டே ஒரு பொத்தானை அழுத்தினார். "ரெண்டாம் நம்பர் மெமரில போட்டு வெக்கறேன். அடுத்த மாசம் எடுத்து ஒப்பிட்டுப் பாப்போம்." கரண்ட்டைப் பிடுங்கினாலும் போகாதாம், உள்ளே பொத்தான் அளவுக்கு ஒரு பேட்டரி பத்து வருஷம் ஞாபகத்தைப் பிடித்து வைத்திருக்குமாம். அடுத்த மாதம் யாரும் ஒப்பிடவில்லை. என் கண்ணாடி அன்றைக்கு அடுப்படியில் இருந்தது. நான் பார்த்தது ஒரு பச்சைத் துள்ளல், அவ்வளவுதான், நொண்டியதா இல்லையா எனக்குத் தெரியாது. அது இன்னும் அதற்குள் இருக்கிறது. ஐந்து அடி. எனக்கு அதைப் பார்க்க வேண்டும், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரே ஒரு தடவை. நொண்டவில்லை என்றால் அவருடைய பயம் வெறும் பயம், அந்தப் பையன் டாக்டர் சொன்னது சரி, நான் ஒரு பொறுமைகெட்ட பொம்பளை, அவ்வளவுதான், அதோடு விட்டுவிடலாம். நொண்டினால்? நொண்டினால் அவர் என் கையில் கொண்டுவந்து கொடுத்ததை நான் தோசைக்காகத் தட்டிவிட்டேன். எதுவாக இருந்தாலும் பார்த்துவிட வேண்டும். பார்க்காமல் இருப்பதுதான் முடியவில்லை.

பதினேழு. முதல் விசில், ஒருவழியாக. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, இதே நேரம், ஒன்றேகால் இருக்கும், பூசைக்குப் போய் வந்து கறி எடுத்து மசாலா அரைத்துச் செய்திருந்தேன். சாப்பிட வாங்க என்று கூப்பிட்டேன். "ரெண்டு நிமிஷம் ரெஜி" என்றார். ஐந்து நிமிஷம் கழித்துக் கூப்பிட்டேன். "ம்" என்றார், அல்லது என்று நினைக்கிறேன், நாற்காலி கிறீச்சிட்டதாகவும் இருக்கலாம். மூன்றாவது தடவை, மிஸ்டர் ஞானாதிக்கம், உங்களுக்குத் தட்டில் போட்டுக் கொண்டுவந்து ஊட்டணுமா என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். பதில் இல்லை. சரி, கிடக்கட்டும் என்று உட்கார்ந்து சாப்பிட்டேன். நன்றாகச் சாப்பிட்டேன், இரண்டாம் சோறு போட்டுக்கொண்டேன், எலும்பைக்கூடக் கடித்தேன். தட்டைக் கழுவும்போது வேண்டுமென்றே சத்தம் வர வைத்தேன். நாலாவது தடவை கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடவில்லை, வாய்க்கு என்ன கேடு, ஒரு நாளைக்கு நாற்பது தடவை கத்துகிற வாய். முப்பத்தைந்து நிமிஷம் கழித்துத் துணி கருகுகிற வாடை வந்துதான் போனேன். மேஜைமேல் தலையைச் சாய்த்திருந்தார், கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருந்தது, சால்டரிங் இரும்பு உருண்டு மேஜை விரிப்பைச் சுட்டுக்கொண்டிருந்தது. நான் முதலில் இரும்பின் பிளக்கைத்தான் பிடுங்கினேன். அதற்கு அப்புறம்தான் அவரைத் தொட்டேன். அவருக்கு முன்னால் அந்தப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது, திரைக்கு நடுவில் பச்சையாக ஒரு நேர்கோடு, ஆடாமல். டாக்டர், இது வேறு டாக்டர், வயதானவர், "ஒரு அரை மணி நேரம் முன்னாடி பாத்திருந்தா" என்று தொடங்கினார், என் முகத்தைப் பார்த்தார், நிறுத்திவிட்டார். நிறுத்தாமல் இருந்திருக்கலாம்.

அந்த நேர்கோட்டைத்தான் நாலாவது படத்தில் போட்டிருக்கிறான். பெட்டியை ஆன் செய்து, எதையும் இணைக்காமல், திரையில் ஒரு கோடு. நான் அந்தப் படத்தைச் சட்டென்று தள்ளிவிடுகிறேன், ஒவ்வொரு தடவையும். அவர் ஏலத்தில் முதலில் அதைத்தான் தேடுவார். டெஸ்ட் பண்ணலைன்னு எழுதியிருந்தா டெஸ்ட் பண்ணி ஊத்திக்கிச்சுன்னு அர்த்தம் என்பார், லைட் எரியுதுன்னு எழுதியிருந்தா லைட் மட்டும்தான் எரியுதுன்னு அர்த்தம் என்பார், ஆனால் நேர்கோட்டுப் படம் இருந்தால் முகம் மலர்ந்துவிடும். "கோடு வந்தா உயிர் இருக்குன்னு அர்த்தம் ரெஜி. இன்னும் எதுவும் வரல, முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்னு சொல்லுது. செத்த பெட்டில கோடே வராது, இருட்டாத்தான் இருக்கும்." எனக்குத் தெரிந்த நேர்கோடு சினிமாவில் ஆஸ்பத்திரி சீனில் வருகிறது. எங்களுக்குள் எதுதான் ஒத்துப்போயிற்று. ஒன்பது நிமிஷம். இரண்டாவது விசில். விற்கிறவனிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. நேற்று மாலை அவனுக்கு எழுதியிருந்தேன், அந்தத் தளத்திலேயே கேள்வி கேட்க ஓர் இடம் இருக்கிறது, ஆங்கிலத்தில். சிஸ்டர் பெனடிக்டா எங்களுக்கு வியாபாரக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தது எட்டாம் வகுப்பில், ஐந்து வாக்கியத்துக்கு மேல் போகக் கூடாது, கண்ணீர் கூடாது, குடும்பக் கதை கூடாது, அந்நியரிடம் உன் வீட்டுக் கதவைத் திறக்காதே ரெஜினா என்பார், அவர் சொல்லை நான் தட்டவில்லை, நாற்பது வருஷம் கழித்தும் ஒரு பிழையில்லாமல் எழுதினேன். மேற்படி கருவியின் நினைவகத்தில் முந்தைய உரிமையாளரின் பதிவுகள் ஏதும் இன்னும் உள்ளனவா என்பதைத் தயவுசெய்து உறுதிப்படுத்தவும். இப்படிக்கு ஞானாதிக்கம். எழுதிவிட்டு இரண்டு தடவை வாசித்தேன், காற்புள்ளி சரியாக இருக்கிறதா என்று. பெருமையாகக்கூட இருந்தது.

நாலு நிமிஷம் இருக்கும்போது போன் டிங் என்றது. அன்புள்ள சார், தாமதத்துக்கு மன்னிக்கவும். நீங்கள் கேட்டதால் இன்று காலை நானே பெட்டியைத் திறந்து பார்த்தேன். பழைய ஆளுடைய பதிவு இரண்டு இருந்தது. எல்லாவற்றையும் முழுசாக அழித்துவிட்டேன். உள்ளே பேட்டரியும் புதுசாக மாற்றியாயிற்று. உங்களுக்குக் கவலையே வேண்டாம், இப்போது பெட்டி கடையில் வாங்கிய மாதிரி சுத்தம். நன்றி, மன்சூர். வாசித்தேன். அடுப்பு எரிகிற சத்தம் கேட்டது. மறுபடி வாசித்தேன், ஏதோ ஒரு வாக்கியத்தை விட்டுவிட்ட மாதிரி, நடுவில் ஒரு வரி இருக்கும், இல்லை, ஒன்றை மட்டும் வைத்திருக்கிறேன் என்று, அப்படி ஒரு வரி இல்லை. நீங்கள் கேட்டதால். கேட்காமல் இருந்திருந்தால் இந்த நிமிஷம் அது அங்கே இருந்திருக்கும், ஐந்து அடி, பதிமூன்று மாதம் தராசில் கிடந்து லாரியில் குலுங்கி யார் யார் கையிலோ மாறியும் போகாதது, இன்று காலை வரைக்கும் இருந்திருக்கிறது, நான் குளித்துக்கொண்டிருந்தபோது இருந்திருக்கிறது, மீன்காரியிடம் பேரம் பேசியபோது போயிருக்கிறது. அவன் மேல் என்ன தப்பு. புகார் கடிதம் மாதிரி ஒன்று வந்தது, நல்ல வியாபாரி, குறையைச் சரி செய்துவிட்டான். இது என் வீட்டுக்காரருடையது, அவர் இறந்துவிட்டார், அவருடைய நெஞ்சு அதற்குள் இருக்கிறது, தொடாதீர்கள். இதுகூட ஐந்து வாக்கியத்துக்குள்தான் வருகிறது. இனிமேல் தெரியாது. நொண்டியதா இல்லையா, யாருக்கும் தெரியாது, கர்த்தருக்குத் தெரியும், அவர் சொல்ல மாட்டார்.

இரண்டு நிமிஷம். சரி, இனிமேல் இது எதற்கு. வெறும் பெட்டி. ஆல்வின் கேட்ட கேள்விக்கு இப்போது உண்மையிலேயே பதில் இல்லை. அந்த வி நட்சத்திரம் நாலு எடுத்துக்கொள்ளட்டும், அவனுக்காவது உபயோகம், அவன் அதில் எதையாவது பார்ப்பான், பொட்டு எதற்கு என்று அவனுக்குத் தெரிந்திருக்கும், லேப்ல எல்லாரும் இதைத்தான் பண்ணுவார்கள். அடுப்பைக் குறைத்தேன். ஒரு நிமிஷம் பத்து நொடி. நேர்கோட்டுப் படத்தைத் தள்ளப் போனேன், விரல் தள்ளவில்லை, முதல் தடவையாகப் பெரிதாக்கிப் பார்த்தேன், கண்ணாடி போட்டிருந்தேன். பச்சையாக, நடுவில், ஓரத்தில் இருந்து ஓரம் வரைக்கும். கண்ணாடித் திரையில் அதைப் படம் எடுத்தவனின் கை நிழல் விழுந்திருந்தது. ஐம்பது நொடி. அவர் அறையில் மேஜை அப்படியேதான் இருக்கிறது, விரிப்பில் கருகின ஓட்டை, அதைச் சுற்றிப் பெட்டிகள் நின்ற தூசிச் சதுரங்கள், துடைத்தாலும் போகாத சதுரங்கள். முப்பது. மூன்று தடவை கேட்டு நிறுத்தினவள் நான். மூன்றுக்கு மேல் யாரிடமும் எதற்கும் கேட்டதில்லை, அதை மானம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பதினைந்து. தொகையைத் தட்டினேன், வாலில் பதினேழு ரூபாய். பன்னிரண்டு. இன்னும் வேண்டாம். பதினொன்று. பத்து. எழுப்பிவிடாதே. ஒன்பது. எட்டு. நாலாவது தடவை அழுத்தினேன்.

வாழ்த்துகள், ஞானாதிக்கம். ஏலம் உங்களுக்கு. குக்கர் மூன்றாவது விசிலை அப்போதுதான் அடித்தது, நான் அடுப்பை அணைக்கவில்லை, நின்றுகொண்டே இருந்தேன், நெத்திலி எல்லாம் தட்டில் அப்படியே கிடந்தது. இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது, பதினான்கு மாதமாக அடிக்காத அவர் போன் அடித்தது. அந்தப் பாட்டு, அவர் வைத்தது, உப்பு ஜாடி அதிர்ந்தது. எடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. "வணக்கம் சார், மன்சூர் பேசறேன், சென்னைல இருந்து. ஸ்கோப்பு உங்களுக்கு விழுந்திருக்கு. ஞானாதிக்கம் சாருங்களா?" "அவர் வீடு" என்றேன். "மேடங்களா, சாரி மேடம். சார்கிட்ட சொல்லிடுங்க, நாளைக்கே பேக் பண்ணிடறேன், தெர்மோகோல் வெச்சு, ஒரு கீறல் விழாது. இப்பவும் கையிலதான் இருக்கு, தொடச்சுக்கிட்டே பேசறேன். பாடி எல்லாம் பளிச்னு வந்துடுச்சு. முன்னாடி ஒரு செவப்புப் பொட்டு மட்டும் போக மாட்டேங்குது மேடம், எவனோ நெயில்பாலிஷ் வெச்சிருக்கான், தின்னர் எடுத்துட்டேன், ஒரு நிமிஷத்துல..." "தொடாதீங்க" என்றேன். "மேடம்?" "தம்பி, அந்தத் துணியைக் கீழ வைங்க. வெச்சிட்டீங்களா?" "வெச்சிட்டேன் மேடம்." "அது என்னோடது." "எது மேடம்?" "அந்தப் பாலிஷ். அந்தப் பெட்டி எங்க வீட்டுது. என் வீட்டுக்காரரோடது. அவர் இல்ல, போன வருஷம் போயிட்டார். நான்தான் எடைக்குப் போட்டேன். நீங்க அழிச்சீங்களே ரெண்டு, அதுல ஒண்ணு அவரோட நெஞ்சுத் துடிப்பு, காசைக் கையில பிடிச்சுக்கிட்டு அவரே எடுத்தது." இத்தனை வாக்கியம் ஒரு அந்நியனிடம் நான் பேசினதே இல்லை. அந்தப் பக்கம் ஏதோ மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. "மேடம்... துடிச்ச மாதிரி ஒண்ணு இருந்துச்சு. நான் சரியாப் பாக்கல மேடம். எனக்குத் தெரியாம..." "உங்களுக்குத் தெரியாது. நான் சொல்லல." "ஒரு வார்த்தை எழுதியிருந்தீங்கன்னா..." என்று தொடங்கி அவனும் நிறுத்திவிட்டான். எல்லாரும் என்னிடம் வந்து இந்த இடத்தில்தான் நிறுத்துகிறார்கள். "பரவாயில்ல" என்றேன். "இனிமே எதையும் துடைக்க வேணாம். அப்படியே அனுப்புங்க. கோடு வருதா?" "வருது மேடம். இப்பவும் ஆன்லதான் இருக்கு. நேரா வருது, ஆடாம." குக்கரில் ஆவி இறங்குகிற சத்தம். மணி பார்த்தேன், ஒன்று நாற்பது. "நீங்க சாப்டாச்சா?" என்று கேட்டேன், அது ஏன் என் வாயில் வந்ததென்று தெரியவில்லை. "இல்ல மேடம். வீட்டுல கூப்டுக்கிட்டுதான் இருக்காங்க. இதோ, ரெண்டு நிமிஷத்துல..." "ரெண்டு நிமிஷம் இல்ல" என்றேன், குரல் எகிறிவிட்டது, தெருவுக்கே கேட்டிருக்கும். "இப்பவே எந்திரிச்சுப் போங்க."